அவையஞ்சாமை

வள்ளுவர் அவையஞ்சாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவையைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு என்பதை அவர் நன்கறிந்திருந்தார் போலும்!

நம் நகரிலேயே இதற்குச் சான்றுண்டு. 1891-இல் பாரிஸ்டராகித் திரும்பிய காந்தியடிகள், பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கிற்கு எழுந்தார்; நா எழவில்லை; அமர்ந்துவிட்டார். தமக்குரிய 30 ரூபாய்க் கட்டணத்தையும் வேண்டாமென்றார். 1893-இல் பிரிட்டோரியாவில் வணிகத்தில் வாய்மை பற்றிப் பேச வேண்டியிருந்தது. பொருளை ஆராய்ந்து ஆயத்தமாகச் சென்றார், பேசினார். எனினும் 1896-இல் பம்பாய்க் கூட்டத்தில் அவர் குரல் எட்டாததால், உரையைத் தின்ஷா வாச்சா படித்தார். அதற்காக அவர் மேடையை விட்டுவிடவில்லை.

எங்கள் கல்லூரிப் பேச்சு வகுப்பு எனக்கு உணர்த்தியதும் இதுவே. நெல்லையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம். எம்மொழியில் பேசினும் நகைப்பார்களோ என்ற அச்சமே நாவைக் கட்டிற்று. வகுப்பிலோ வாரந்தோறும் மூன்று நிமிடம் பேசியே ஆகவேண்டும்!

அச்சத்தில் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. இது நோயன்று, உடல் ஆயத்தமாகும் முறையே. ஆகவே மூச்சை மெல்ல வெளிவிடுங்கள். முதலிரு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மற்றவற்றைக் குறிப்புகளாக வையுங்கள். ஒரு கருத்தை ஒருவர் முகம் பார்த்துச் சொல்லி முடித்தபின் அடுத்தவரை நோக்குங்கள். படபடப்பு எனக்கு இன்றும் உண்டு. ஆனால் இரண்டாம் வாக்கியத்திற்குள் அடங்கிவிடுகிறது.

வாய்மொழித் தேர்வும் வேலை நேர்முகமும் நமக்காகக் காத்திருக்கின்றன. பின்வரிசையில் அமரும் நண்பர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் நன்றியுரையையேனும் கேட்டுப் பெறுங்கள்!