ஏட்டுச் சுரைக்காயும் வாழ்வியல் கல்வியும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் பொருளோடு மனனம் செய்தவன் நான். அதன் பொருள் எனக்கு விளங்கியதோ எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த பிறகுதான்.

என் பெற்றோர் இருவரும் புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்பவர்கள். "நீ படிப்ப மட்டும் பாருய்யா" என்பதே அம்மாவின் மந்திரம். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு வலக்கை முறிந்தது. அப்பாவுக்கு அன்று இரவு வேலை. தம்பி தங்கைக்கு நான்தான் சோறாக்க வேண்டும். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. குக்கரைத் திறந்தால் கஞ்சி! தம்பி ஒன்றும் சொல்லாமல் சம்பாலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டான். மறுநாள் அம்மா கட்டுப் போட்ட கையோடு அருகில் நின்று, "அரிசிக்கு மேல விரலோட முதல் கோடு வரைக்கும் தண்ணி" என்று இடக்கையால் காட்டினார்.

அதே தேர்வின் நன்னெறித் தாளுக்காக 36 நற்பண்புகளை மலாய்மொழியில் வரி பிசகாமல் ஒப்பித்தவன் நான். அவற்றுள் பொறுப்புணர்வும் ஒன்று. ஆனால் அம்மா விடியற்காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதை அந்த வாரம்தான் அறிந்தேன்.

பள்ளி எனக்கு எதையுமே கற்பிக்கவில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. 2010இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த நாங்கள் பழைய கலைத்திட்டத்தின் கடைசி அணி. 'கெமாஹிரான் ஹிடுப்' எனும் வாழ்வியல் திறன் பாடம் எங்களுக்கு இருந்தது. பொத்தான் தைத்தோம், பூச்செடி நட்டோம். ஆறாம் ஆண்டு வந்ததும் அந்தப் பாடவேளைகளைக் கணிதப் பயிற்சி எடுத்துக்கொண்டது. காரணம் எளிது: யு.பி.எஸ்.ஆர். தேர்வில் அப்பாடம் இல்லை. தேர்வில் இல்லாதது தேவையில்லாதது என்று நாங்களும் முடிவு செய்துவிட்டோம்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றை நினைவுகூர்வது பொருந்தும். 1910இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே, நண்பர் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அவர்களில் தமிழர்களும் இருந்தனர். வேலையாட்கள் கிடையாது. சமையல் முதல் கழிவறைத் துப்புரவு வரை எல்லா வேலைகளையும் அங்கிருந்தவர்களே செய்தனர். காலன்பாக் ஒரு துறவியர் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றுப் பிறருக்குக் கற்பித்தார். ஆசிரியர் செய்யாத வேலையை மாணவரிடம் சொல்லக்கூடாது என்பது அங்கு விதி. இந்த விதியே நமக்கு முக்கியம். திறனையும் பண்பையும் இரண்டு பாடங்களாகப் பிரிக்க வேண்டியதில்லை. கழிவறையைக் கழுவிய பிள்ளை, அதைக் கழுவுபவரை இழிவாக நினைக்குமா?

யு.பி.எஸ்.ஆர். 2021இல் அகற்றப்பட்டது. இனித் தேர்வைக் காரணம் காட்ட முடியாது. பெற்றோரின் மனப்போக்கும் நம் மனப்போக்கும்தான் மாற வேண்டும். ஆண்பிள்ளைக்கு அடுப்படி எதற்கு என்ற எண்ணமும் அதில் அடங்கும்.

தமிழ்ப்பள்ளிகளுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் தேர்வு வழிகாட்டிப் பயிலரங்குகளையே நடத்தி வருகிறோம். அவற்றோடு ஒரு மணி நேரம் சேர்ப்போம். பொத்தான் தைத்தல், சோறாக்குதல், காயத்துக்குக் கட்டுப் போடுதல், வீட்டுச் செலவைக் கணக்கெழுதுதல் ஆகிய நான்கு போதும். மாணவரோடு நாமும் அமர்ந்து செய்வோம். முன்னாள் மாணவர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் நீங்களும் இதைத் தொடங்கலாம்.

இப்போது விடுமுறைக்கு வீடு திரும்பினால் இரவுச் சோறு என் பொறுப்பு. தண்ணீர் அளக்கத் தம்பிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன்.