லிஸ்ட் போட்டால் டென்ஷன் போகுமா?

ஜனவரி பிறந்தால் வடசென்னையில் எங்கள் கல்மண்டபம் வட்டாரத்து வீடுகளில் டைரிகள் குவியும். நகைக்கடை கொடுத்தது ஒன்று, கம்பெனி கொடுத்தது ஒன்று, இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது ஒன்று. பொங்கல் வரை ஒழுங்காக எழுதுவார்கள். அப்புறம் அது பால் கணக்குக்கும் பிள்ளைகள் கிறுக்குவதற்கும் போய்விடும். இப்போது டைரியின் இடத்துக்கு ஆப் வந்திருக்கிறது. வேலைகளை வகைதொகையாக வைத்துக்கொண்டால் டென்ஷன் பறந்துவிடும் என்று யூடியூபில் சொல்லாதவர்கள் இல்லை. இந்தப் பேச்சில் சரக்கும் உண்டு, சவடாலும் உண்டு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“எல்லாம் மனசுல இருக்கு, எழுத வேண்டியதில்ல”

மனசில் இருப்பதுதான் தொல்லையே. ஒரே சமயத்தில் நினைவில் பிடித்து வைக்கக்கூடிய விஷயங்கள் ஏழு, கூடக்குறைய இரண்டு என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அந்தக் கணக்கைச் சுமார் நான்குக்கு இறக்கினார். ஒரு சாதாரணக் குடும்பத்தின் செவ்வாய்க்கிழமையிலேயே நான்குக்கு மேல் இருக்கும்.

எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் பாதிப்பேர் இனி செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். மீதிப்பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். 2018இல் வெளியான ஆய்வு இது. சிறிய ஆய்வுதான், ஆனால் ஐந்து நிமிடச் செலவில் வேறு யாரும் இதைவிட நல்ல பேரம் தரவில்லை.

முடியாத வேலைதான் மனதில் அழுத்தமாக நிற்கும் என்று 1927இல் ப்ளூமா ஜெய்கார்னிக் கண்டதையும் சேர்த்துச் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பச் செய்து பார்த்தவர்களில் பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை.

“எழுதிட்டா போதும், பாரம் இறங்கிடும்”

பாதி உண்மை. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு பட்டியல். நம் தெருவில் எந்த வீட்டிலும் கிடைக்கக்கூடியதுதான்:

அம்மா மாத்திரை
பைக் இன்சூரன்ஸ்
ஸ்கூல் பீஸ்
தம்பி விஷயம்

இதில் ஒன்றுகூட வேலை இல்லை. நான்கும் கவலைகளின் பெயர்கள். ‘தம்பி விஷயம்’ என்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும், எங்கே தொடங்குவது என்று மட்டும் தெரியாது. அதையே ‘ஞாயிறு காலை தம்பிக்கு போன், கடனில் இந்த மாதம் எவ்வளவு தருவான் என்று மட்டும் கேட்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். கடன் அப்படியேதான் இருக்கும், ஆனால் புதன்கிழமை ராத்திரி அதை நினைத்துப் புரள வேண்டிய அவசியம் போய்விடும். டேவிட் ஆலன் 2001இல் எழுதி உலகமெங்கும் விற்ற புத்தகத்தின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்: அடுத்து எழுந்து போய்ச் செய்ய வேண்டிய காரியம் எது என்று எழுது. மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் 2011இல் இதைச் சோதித்தார்கள். பாதியில் நிற்கும் வேலை, வேறொன்றைப் படிக்க உட்கார்ந்தவர்களின் கவனத்தில் குறுக்கிட்டது. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டவர்களிடம் அந்தக் குறுக்கீடு நின்றது. வேலை அப்போதும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ‘அம்மா மாத்திரை’ என்பதை ‘வியாழன் நைட் ஷிப்ட் முடிந்து நேராக ஸ்டான்லி ஓபி, பழைய சீட்டு பைக் டேங்க் கவரில்’ என்று திருத்தி எழுதலாம். அந்த வரியே இல்லாமலும் செய்யலாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் அது. அம்மாவின் பெயரை ஒருமுறை பதிந்துவிட்டால் மாதாமாதம் எழுதும் வரி ஒன்று குறையும். பட்டியலை அழகாக எழுதுவதைவிடப் பட்டியலைச் சுருக்குவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

“நல்ல சிஸ்டம் இருந்தா எல்லா வேலையும் முடிஞ்சிடும்”

இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. இதன் தவறு கல்மண்டபத்துக்காரர்களுக்குப் புரிவதுபோல் வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் ட்ரெய்லர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கேட்டில் மணிக்கு 60 வண்டி உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 600 வண்டி நின்றால் கடைசி வண்டிக்காரர் 10 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வரிசையை எவ்வளவு நேராக நிறுத்தினாலும், எந்த நிறத்தில் டோக்கன் கொடுத்தாலும் அந்தப் பத்து மணி நேரம் குறையாது. கேட்டின் வேகம் கூட வேண்டும், அல்லது வந்து சேரும் வண்டி குறைய வேண்டும். நிற்கும் எண்ணிக்கைக்கும் வரும் வேகத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் உள்ள இந்த உறவை ஜான் லிட்டில் 1961இல் கணித முறைப்படி நிறுவினார். லிட்டில் விதி என்றே அதற்குப் பெயர்.

நம் நோட்டிலும் அந்த விதிதான் ஓடுகிறது. ஒரு நாளில் உருப்படியாக நாலு காரியம் முடிக்கிறவர் நாற்பது காரியத்தைத் தொடங்கி வைத்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாகப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் “என்னாச்சு, என்னாச்சு” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதே தனி வேலையாகிவிடும். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் அட்டை முறையிலும் அடுத்த கட்டம் கேட்காமல் முந்தைய கட்டம் பொருளைச் செய்து குவிக்கக் கூடாது. வாகனத் தொழிற்சாலைகளில் அந்த அட்டையைக் கையாண்டவர்களே வீட்டில் நாற்பது வேலையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை. கையில் எடுத்த வேலை மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலாவது வந்தால் “இதை எடுத்தால் எதை விடட்டும்?” என்று கேட்டவரிடமே கேளுங்கள்.

“தள்ளிப்போடுறவன் சோம்பேறி”

காசிமேட்டில் போய்ச் சொல்லுங்கள், சிரிப்பார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. அடிப்பலகை பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது, வலையைச் சீர்செய்வது என்று பெரிய வேலைகள் அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுங்கி நிற்கும். கடலில் ஆபத்து தரக்கூடிய பழுதை யாரும் ஒத்திவைப்பதில்லை. தேதி குறித்துத் தள்ளுவது வேறு, “அப்புறம் பாத்துக்கலாம்” என்பது வேறு. அந்தத் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோவதும் அரசு நிவாரணம் பற்றாமல் போவதும் தனிக்கதை. அதை நோட்டுப் புத்தகத்தால் தீர்க்க முடியாது.

“காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, 21 நாள் விடாம செஞ்சா பழகிடும்”

21 நாள் என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ வழியில் எங்கோ விழுந்துவிட்டது, முக அறுவையும் மறைந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் அன்றாடப் பழக்கங்களை வைத்துப் பார்த்தபோது, பழக்கம் ஊன்ற நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் இல்லை.

ஐந்து மணி உபதேசத்தைப் பற்றி என்ன சொல்ல? இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் நைட் என்று சுழலும் ஒருவர் ஐந்து மணிக்கு எழுவது எப்படி? நைட் ஷிப்டில் அவர் அப்போது மெஷின் முன்னால் நின்றுகொண்டிருப்பார். ஷிப்ட் பார்ப்பவர்கள் தேதியை விட்டுவிட்டு ஷிப்டை வைத்து எழுதலாம்: ஏ ஷிப்ட் வாரத்தின் மத்தியானங்களில் பேங்க், ஈபி, ரேஷன், நைட் வாரத்தில் தூக்கத்தைத் தவிர எதுவும் வேண்டாம்.

“பொம்பளைங்க ஒரே நேரத்துல நாலு வேலை பாப்பாங்க, அது பிறவிக்குணம்”

இல்லை. ஜெர்மனியில் 48 ஆண்களையும் 48 பெண்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதிலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதிலும் இரு தரப்பும் ஒரே மாதிரிதான் தடுமாறினார்கள். பெண்கள் நாலு வேலை பார்ப்பதற்குக் காரணம் அந்த நாலும் அவர்கள் தலையில் விழுவதுதான். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். லாரித் தண்ணீர் எப்போது வரும், கேஸ் எப்போது தீரும், பிள்ளைக்கு எந்தக் கிழமை வெள்ளை யூனிபார்ம் என்று நினைவில் வைத்திருப்பது அந்த நிமிடங்களில் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. பிரிட்ஜ் மேல் ஒரு தாளை ஒட்டி, இவை அனைத்தையும் எழுதி, பக்கத்தில் பெயர் போடுங்கள். ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று அய்யாமார்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

“நல்ல ஆப் இல்லாம முடியாது”

இதற்குப் பதில் நம் துறைமுகத்திலேயே இருக்கிறது. 1912 மார்ச் 1 அன்று மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பெயர் ஸ்ரீனிவாச ராமானுஜன். காகிதம் அவருக்குக் கட்டுப்படியாகாத செலவு. அதனால் கணக்கைச் சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், தேறிய முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். போட்டு அழிக்க ஓர் இடம், வைத்துக் காக்க ஓர் இடம்: அவ்வளவுதான் அவருடைய ஏற்பாடு. அதற்கும் ஒரு விலை இருந்தது. வழிமுறை அழிந்து முடிவு மட்டும் நின்றதால், அந்த நோட்டுகளுக்கு நிரூபணம் எழுதி முடிக்க புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் போட வேண்டியிருந்தது. நம் மளிகை லிஸ்டுக்கு அந்த ஆபத்து இல்லை. மேலதிகாரிகளான நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரை ஊக்குவித்து, அடுத்த ஆண்டே பல்கலைக்கழக உதவித்தொகையோடு அந்த மேசையிலிருந்து விடுபட வழி செய்தார்கள். நோட்டைவிட அவருக்கு அதிகம் உதவியது அதுதான் என்பது என் கட்சி.

“டென்ஷனுக்குக் காரணம் நம்ம ஒழுங்கின்மைதான்”

இந்த நம்பிக்கை முதலாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிரிட்டனில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவு செய்ய முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது. டைரி எழுதுகிறவரா இல்லையா என்பதல்ல, சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் தலையில் கட்டினால் அவர் எந்த நிறப் பேனாவில் பட்டியல் எழுதினாலும் டென்ஷன் இருக்கத்தான் செய்யும்.

வடசென்னைக்கு இது புதுச் செய்தியும் இல்லை. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது பெரம்பூரில். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே நகரத்துக் கடற்கரையில். நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார். அந்த நான்கு மணி நேரத்தைக் காப்பாற்றியது எந்த ஆப்பும் இல்லை.

ஆகவே தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைய வேலையை எழுதும் அதே நோட்டில் இன்று எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், அன்றன்றைக்கே, உங்கள் கையால். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்ற விதி 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கேட்கப் போகும் அன்று கையில் கணக்கு இருக்க வேண்டும்.