கடகடப்பைப் பிடிப்பவருக்குக் காசு

பழைய புல்லட்டை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர், ஸ்டாண்ட் போடும் முன்பே ஆரம்பித்துவிடுவார்: "எங்கேயோ ஒரு சத்தம் வருதுப்பா, என்னன்னு பாரு." அந்த "எங்கேயோ" எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தால், பழைய வண்டித் தொழிலில் உங்களுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கும். இன்ஜின் இறக்கிக் கட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சத்தத்தைத் துரத்திப் பிடிக்கிறவர் மாவட்டத்துக்கு ஒருவர் கிடைத்தாலே பெரிது. இந்த வேலையை விரும்பி வருகிற இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சத்தம் ஏன் வருகிறது என்பது முதலில் புரிய வேண்டும். இரும்பு இன்ஜின் புல்லட் 350-இல் இருப்பது ஒற்றை சிலிண்டர்; உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. அத்தனை நீள ஓட்டத்தில் பிஸ்டன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சட்டகம் முழுக்க ஓர் உதறல் உதறும். அந்த உதறலில் ஒரு நட்டு தளரும். அது பிடித்திருந்த தகடு ஆடத் தொடங்கி, பக்கத்து நட்டையும் தளர்த்தும். வண்டிக்குள் பல காலத்துப் பாகங்கள் கலந்திருப்பது அடுத்த காரணம். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்ததில் திருவொற்றியூரில் வேரூன்றிய வண்டி இது. இரும்பு இன்ஜின் அரை நூற்றாண்டுக்கு மேல் தயாரிப்பில் இருந்ததால், அறுபதுகளின் சட்டகத்தில் எண்பதுகளின் மட்கார்டும் போன மாதம் வாங்கிய சைலன்சரும் சேர்ந்திருப்பது சாதாரணம். ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று அவை பிறக்கவில்லை.

வண்டி வந்ததும் ஸ்பேனரைத் தொடாதீர்கள். கேள்வி கேளுங்கள். காலையில் முதல் உதைக்கே வருகிறதா, சூடான பிறகா? பள்ளத்தில் மட்டுமா, நல்ல ரோட்டிலுமா? எந்த கியரில், எந்த வேகத்தில்? பிறகு உரிமையாளரைப் பின்னால் உட்காரவைத்து நீங்களே ஓட்டிப் பாருங்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதைக் காலி மைதானத்தில் முன்பே பழகியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தால் அந்த ஒரு மிதியிலேயே மரியாதை போய்விடும்.

அடுத்தது பிரித்தறிதல். லேசான இறக்கத்தில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் மெல்ல உருட்டுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் இன்ஜினைக் குற்றம் சொல்ல வேண்டாம். சக்கரம், செயின், மட்கார்டு, ஃபோர்க் பக்கம் போங்கள். நின்ற இடத்திலேயே முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை அழுத்தி அழுத்தி விடுங்கள். "டக்" என்றால் ஃபோர்க் அல்லது ஸ்டியரிங் பேரிங். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது கிளட்சைப் பிடித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ், கிளட்ச் பக்கம். டேப்பட் சத்தம் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் தட்டும். கீழே பிக் எண்ட் போனால் சுற்றுக்கு ஒன்று, அதுவும் அடித்தொண்டையில். குளிரில் தட்டிவிட்டுச் சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் பிஸ்டன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியால் இன்ஜினைத் தொட்டுக் கேட்பது பழைய வித்தை. இன்றும் அதற்கு ஈடில்லை. சட்டைக் கையும் துண்டும் செயின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகட்டுச் சத்தத்துக்கு இதைவிட எளிய வழி உண்டு. சத்தம் வருகிற வேகத்தில் உதவியாளரை ஆக்சிலரேட்டரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு பாகமாகக் கையால் அழுத்துங்கள். செயின் கவர், டூல் பாக்ஸ் மூடி, நம்பர் பிளேட், லெக் கார்டு, சேலை கார்டு, சென்டர் ஸ்டாண்ட் என்று போகும்போது எதை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். சைலன்சரை மட்டும் கையால் தொடாமல், இன்ஜின் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் பிரைமரி செயின் ஓய்ந்துவிட்டதென்று இடப்பக்கக் கவரைக் கழற்றி, செயினை மாற்றி, ஆயில் ஊற்றி மூடிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தது. சைலன்சருக்குள் தடுப்புத் தகடு ஒன்று பற்று விட்டிருந்தது. செயினுக்கான காசு யார் தலையில் விழுந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கொசுறாக ஒன்று: எதையும் தேடும் முன் சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். ஹெட்லைட் கூட்டில் அது அடித்துக்கொண்டிருந்த வண்டிகள் ஒன்றிரண்டல்ல.

பொருந்தாத பாகம்தான் இந்தத் தொழிலின் உண்மையான சோதனை. புதிதாக அடித்த மட்கார்டில் துளை இரண்டு மி.மீ. தள்ளியிருக்கும். கம்பியைக் கொடுத்து நெம்பி போல்ட்டை உள்ளே தள்ளிவிடலாம். அன்றைக்குச் சத்தமும் வராது. ஆனால் இழுத்துக் கட்டிய தகடு எப்போதும் விறைப்பாக நிற்கும், அந்த விறைப்பின் மேல் இன்ஜினின் உதறலும் சேரும். சில மாதங்களில் துளை ஓரத்தில் முடி போல ஒரு விரிசல் விடும். ஆகவே பெயின்ட்டுக்கு அனுப்பும் முன் எல்லா பாகங்களையும் ஒரு முறை வெற்றாகப் பூட்டிப் பாருங்கள். அரத்துக்கும் வெல்டிங்குக்கும் உரிய நேரம் அதுதான். பவுடர் கோட்டிங் துளைக்குள்ளும் படியும். முன்பு சுலபமாக நுழைந்த போல்ட் இப்போது இறுகும். மரைகளை டேப் விட்டுச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். எர்த் ஒயர் தொடும் இடத்தில் பூச்சைச் சுரண்டாமல் விட்டால் சத்தம் போன வண்டியில் லைட் எரியாது.

பூட்டும்போது எல்லா போல்ட்டையும் கை இறுக்கத்தில் நிறுத்தி, பாகம் தானாக உட்கார்ந்த பிறகே முறுக்க வேண்டும். சைலன்சரை ஹெட் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கி வாருங்கள். கடைசி பிராக்கெட்டில் இடைவெளி இருந்தால் வாஷர் போட்டு நிரப்புங்கள், குழாயை இழுக்காதீர்கள். சைக்கிள் டியூபை வெட்டி இடையில் சொருகுவது நம் ஊர் வழக்கம். டூல் பாக்ஸுக்குச் சரிதான். பெட்ரோல் படும் இடத்தில் அந்த ரப்பர் ஊதிப்போகும், சைலன்சர் அருகே கருகும்.

மரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதி வண்டிகள் கெடுவது இங்கேதான். பழைய புல்லட்டில் இருப்பவை இங்கிலாந்து மரைகள்: விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை. பிற்காலத்தில் மெட்ரிக் வந்தது. கைமாறிய வண்டியில் இரண்டும் கலந்திருக்கும். கால் அங்குல பி.எஸ்.எஃப். மரை அங்குலத்துக்கு 26 வரி. 6 மி.மீ. மெட்ரிக் போல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 25. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் மெட்ரிக் போல்ட் பி.எஸ்.எஃப். துளையில் ஏறிவிடும். பிடித்தது போலவும் தெரியும். ஆனால் துளை 6.35 மி.மீ. அகலம். நூறு கிலோமீட்டர் போவதற்குள் தளரும், மறுபடி முறுக்கினால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்கில் 60. ஸ்பேனர் கணக்கும் வேறு: விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு போல்ட் தண்டின் விட்டம், தலையின் அகலம் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து மைசூருக்கு வந்த ஜாவாவில் இந்தத் தலைவலி கிடையாது. அங்கே தொடக்கத்திலிருந்தே மெட்ரிக்தான்.

சட்டகத்தில் புதிதாகத் துளை போடுவதற்கு முன் வண்டியின் வயதைக் கேளுங்கள். 2021-இல் வந்த மத்திய விதியின்படி 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் குலையாமல் இருக்கும் வண்டியே விண்டேஜ் வகையில் பதிவாகும். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் சேரும். அவசரத்தில் வெட்டிய ஒரு பிராக்கெட் காது அந்தத் தகுதியையே கேள்விக்குள்ளாக்கலாம். இன்ஜின் எண், சேசிஸ் எண் பக்கம் கிரைண்டர் போகவே கூடாது.

இனி காசு. சத்தத்தைக் கண்டுபிடிக்கும் கூலியையும் சரிசெய்யும் கூலியையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்பவரிடம் வாதாட வேண்டாம், தேடிய நேரத்தைச் சீட்டில் காட்டுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுங்கள், மாற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். "சத்தமே இருக்காது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். இரும்பு இன்ஜினுக்கு அதன் சொந்தச் சத்தம் உண்டு.

கற்றுக்கொள்ள ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் பிரிவு இருக்கிறது, 2 ஆண்டு. என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு ஃபிட்டர் பிரிவும் அதே அளவுக்கு உதவும்; அரம் பிடிக்கத் தெரியாதவரால் எதையும் பொருத்த முடியாது. நல்ல லேத் பட்டறைக்காரர் ஒருவரைச் சிநேகம் பிடியுங்கள். சென்னையில் இருந்தால் விடுமுறை நாளில் புதுப்பேட்டையைச் சுற்றி வந்து, பழைய அசல் பாகத்தின் எடையையும் புதிய நகலின் எடையையும் கையில் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள். முதல் சம்பாத்தியத்தில் ஃபீலர் கேஜ் ஒன்று, மரை கேஜ் ஒன்று, விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்பேனர் செட்டை மட்டும் யாருக்கும் இரவல் தராதீர்கள்.