லாரி ஓட்டுநரின் குறட்டை

குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்றே நாம் எண்ணுகிறோம். லாரி ஓட்டுபவர் விஷயத்தில் அப்படி விட்டுவிடாதீர்கள். குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறலோடு திரும்புகிறதா? தூங்குகிறவருக்கு அது தெரியாது. மனைவியோ உடன் வரும் கிளீனரோதான் சொல்ல முடியும். செல்போனில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டினால் இன்னும் நல்லது.

கழுத்துச் சுற்றளவு 16 அங்குலத்துக்கு மேல், ரத்த அழுத்தம், 50 வயதைத் தாண்டியது, ஸ்டியரிங் முன்னே பகலிலும் கண் சொக்குவது: குறட்டையோடு இவற்றில் இரண்டு சேர்ந்தாலே தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டீ குடித்துச் சமாளிப்பது வைத்தியமல்ல. மதுவும் சில தூக்க மாத்திரைகளும் மூச்சுத் தடையைக் கூட்டும்.

தூங்கும்போது மூச்சுப் பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) கருவியை டாக்டர் எழுதித் தந்தால், 'லைனில் போகும்போது என்ன செய்வது?' என்று தயங்க வேண்டாம். பொருத்தமான கன்வெர்ட்டர் இருந்தால் வண்டி பேட்டரியிலேயே ஓடும்.