கணக்கை இருமுறை பார்க்கும் கணினி

2003ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. பிரசல்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்கார்பேக் என்னும் இடத்தில் வாக்குகள் கணினியின் துணையோடு எண்ணப்பட்டன. ஒரு வேட்பாளருக்குக் கிடைத்திருக்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் குவிந்திருப்பதை அதிகாரிகள் கவனித்தனர். வாக்குகள் பதிவான காந்த அட்டைகளைக் கொண்டு மீண்டும் எண்ணினர். அப்போதுதான், முதல் எண்ணிக்கையில் அவருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. வல்லுநர்கள் நிரலைத் துருவித் துருவி ஆராய்ந்தும் அதில் பிழை எதுவும் அகப்படவில்லை. அப்படியானால், தவறு எங்கே நேர்ந்தது?

4096 என்னும் எண்ணே அதற்குத் துப்பாக அமைந்தது. கணினி எல்லா எண்களையும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களாலேயே எழுதி வைக்கிறது. இந்த இலக்கத்தைப் ‘பிட்’ என்பர். வலப்பக்கத்திலிருந்து முதல் இடத்தின் மதிப்பு 1, அடுத்தது 2, அதற்கடுத்தது 4, பிறகு 8 என ஒவ்வோர் இடமும் இரட்டிப்பாகும். அவ்வாறு எண்ணிச் சென்றால் 13ஆம் இடத்தின் மதிப்பு 4096. அந்த இடத்தில் இருந்த 0 தானாகவே 1 ஆக மாறியிருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் கருதினர். விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பலரும் கூறுகின்றனர். எனினும், அது உறுதியாக நிறுவப்படவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கணினிக்கும் அப்படித்தான். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது நியூட்ரான் போன்ற நுண்துகள்கள் உருவாகின்றன. அவற்றுள் சில தரையை வந்தடைகின்றன. அத்தகைய துகள் ஒரு சில்லில் மோதினால், அங்கே மின்னூட்டம் தோன்றி ஒரு பிட்டை மாற்றிவிடக்கூடும். சில்லின் மேலுறையில் மிகச் சிறிதளவு கலந்துள்ள கதிரியக்கப் பொருளும் இதே தீங்கைச் செய்யும் என்பதை 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இத்தகைய பிழையால் சில்லு பழுதடைவதில்லை, தடயமும் எஞ்சுவதில்லை. விடை மட்டும் தவறாகிவிடும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது அரிது.

இதற்கு என்ன தீர்வு? ஒரே வேலையைச் செய்ய இரண்டு மூன்று கணினிகளைப் பொருத்தலாம். விமானங்களில் அவ்வாறு செய்கின்றனர். ஆனால், அதற்குச் செலவும் இடமும் அதிகம் தேவை. தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் நினைவகங்களும் உள்ளன. ஆயினும், செயலிக்குள் கணக்கிடும்போது நேரும் பிழையை அவற்றால் தடுக்க இயலாது. எனவே, வன்பொருளின் பிழையை மென்பொருளால் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆய்வாளர்கள் சிந்தித்தனர். அவர்களுடைய கவனம் தொகுப்பியின்பால் திரும்பியது.

தொகுப்பி என்பது ‘கம்பைலர்’ எனப்படும் மென்பொருள். மனிதர் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக அது மொழிபெயர்க்கிறது. எல்லாக் கட்டளைகளும் அதன் கையைத் தாண்டியே செல்கின்றன. ஆகவே, தொகுப்பியை மாற்றியமைத்தால் போதும். நிரலை எழுதியவர் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

பள்ளி விழாவில் வசூலான பணத்தை எண்ணும் முறையை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாணவர்கள் தனித்தனியே எண்ணுவார்கள். இருவர் கூறும் தொகையும் ஒத்திருந்தால்தான் பொருளாளர் அதைக் கணக்கேட்டில் எழுதுவார். மாற்றியமைக்கப்பட்ட தொகுப்பியும் இவ்வாறே செய்கிறது. ஒவ்வொரு கணக்கையும் இருமுறை செய்யுமாறு கட்டளைகளை இரட்டிப்பாக்குகிறது. இரு விடைகளையும் செயலியின் வெவ்வேறு பதிவகங்களில் வைக்கச் செய்கிறது. விடையை நினைவகத்தில் எழுதுவதற்கு முன்பும், அடுத்து எந்த வழியில் செல்வது என்று நிரல் முடிவெடுப்பதற்கு முன்பும் இரண்டையும் ஒப்பிடும் கட்டளையைச் சேர்க்கிறது. விடைகள் வேறுபட்டால் நிரல் அங்கேயே நின்று எச்சரிக்கும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. தொகுப்பி இயல்பிலேயே சிக்கனமானது. ஒரே கணக்கு இருமுறை வந்தால், வீண் வேலை என்று ஒன்றை நீக்கிவிடும். ஆகவே, அந்தச் சிக்கன வேலை முடிந்த பிறகே கட்டளைகளை இரட்டிப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால், காவலுக்கு வைத்த ஆளைத் தொகுப்பியே வீட்டுக்கு அனுப்பிவிடும்!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையை விண்வெளியிலேயே சோதித்தனர். 1999இல் ஏவப்பட்ட ஆர்கோஸ் செயற்கைக்கோளில், சந்தையில் கிடைக்கும் சாதாரணச் செயலி ஒன்றைப் பொருத்தினர். அதில் நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவற்றை மென்பொருளே கண்டுபிடித்தது. 2005இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸ்விஃப்ட்’ என்னும் மேம்பட்ட முறையை வெளியிட்டனர். இன்றைய செயலிகள் ஒரே நேரத்தில் பல கட்டளைகளை நிறைவேற்றவல்லவை. அதனால், கட்டளைகள் இரட்டித்தாலும் நேரம் முழுமையாக இரட்டிப்பதில்லை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. கணினிக்குள் தவறான தகவலை உள்ளிட்டால், இரண்டு கணக்கும் ஒரே தவறான விடையையே தரும். மேலும், இரண்டு விடைகள் வேறுபட்டால் எது சரியானது என்று சொல்ல இயலாது. அதற்கு மூன்றாவது கணக்கும் பெரும்பான்மை முடிவும் தேவை.

ஸ்கார்பேக்கில் பிழை வெளிப்பட்டதற்குக் காரணம், அந்த எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததுதான். 13ஆம் இடத்திற்கு மாறாக 3ஆம் இடத்தில் பிட் மாறியிருந்தால், கூடியிருப்பவை வெறும் நான்கு வாக்குகளே. அதை யார் கவனித்திருப்பார்கள்? கண்ணுக்குத் தெரியும் பிழையை மனிதர் திருத்திவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பிடிப்பதற்கோ, தன் விடையைத் தானே ஐயுறும் கணினி வேண்டும்.