இரண்டு பேணிக் கணக்கு



புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு தாய், இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே உடுப்புத் தைக்கிறார். துணி கொடுப்பவன் நான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது என் கடை முதலே கரைந்தது. அவரோ ஒரு மாதமும் எனக்குப் பாக்கி வைக்கவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"நானா, என்னட்ட ரெண்டு பேணி இருக்கு. ஒண்டு துணிக்காசு, மற்றது வீட்டுக்காசு. துணிக்காசில பிள்ளைக்கு பிஸ்கட்டும் வாங்கமாட்டன்" என்றார்.

1,500 ரூபாவுக்கு ஓர் உடுப்பு விற்றால் துணி, நூல், கரண்டுக்கு 1,000 ரூபா முதற் பேணிக்குள் போகிறது. மிச்சம் 500தான் அவர் கூலி. அதிலும் 50 ரூபாவைச் சேமிப்புக்கு ஒதுக்கிய பிறகே வீட்டுச் செலவு. பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும்போது வெட்டுவேலை. மாலையில் பொத்தான் தைப்பது மட்டும். ஓடர், முற்பணம், கொடுக்கும் திகதி எல்லாம் சுவர்க் கலண்டரில் இருக்கின்றன.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கல்லாவில் எடுத்த வீட்டுக்காசை நான் ஒருநாளும் எழுதியதில்லை. தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் 2:282இல் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஊராரின் கடனை எழுதிய நான், என் கடனை எழுதவில்லை. எழுதத் தொடங்கிய முதல் மாதமே புரிந்தது: லாபம் என்று நினைத்து முதலைச் சாப்பிட்டிருக்கிறேன்.

கணக்கில்லாதவன் இரண்டரை வீத ஸகாத்தை எப்படிச் சரியாகக் கொடுப்பான்? இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். அதன் விலையையும் அதிலேயே முதல் வரியாக எழுதுங்கள்.