வேலியோரச் செடிகளை அறிந்துகொள்வோம்



இம்மாத நலக்கல்விப் பாடத்திற்குப் புத்தகம் தேவையில்லை. தங்கள் வீட்டு வேலி வரை நடந்தால் போதும். பிள்ளைகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், "வேலியோரத்தில் ஏதோ கொட்டையைத் தின்றுவிட்டான்" என்று பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது மருத்துவமனைகளுக்குப் பழகிப்போன காட்சி. என்ன கொட்டை என்று கேட்டால் பதில் இராது. தினமும் பார்க்கிற செடிதான், பெயர்தான் தெரியாது. சிகிச்சை தருகிறவர்களுக்கோ முதலில் வேண்டியது அதுவே.

பல வேளைகளில் அது காட்டாமணக்காக இருக்கும். ஆடுமாடு வாய்வைக்காது என்பதற்காகவே இதை வேலியில் நடுகிறார்கள். கிளையை ஒடித்தால் நீர்த்த பால் வடியும். அதைச் சோப்புக் குமிழிபோல் ஊதி விளையாடாத கிராமத்துச் சிறுவர் உண்டோ? பச்சைக்காய் மஞ்சளாகிப் பின்பு கறுக்கும். உள்ளே இரண்டு மூன்று கறுப்பு விதைகள். பருப்பின் ருசி வேர்க்கடலையைப் போலிருக்கும், ஆபத்தும் அதில்தான். ஒருவன் ருசித்தால் கூட்டாளிகளுக்கும் பங்கு கிடைக்கும். ஆகையால் ஒரே நேரத்தில் நான்கைந்து பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் உண்டாகிறது. தக்க நேரத்தில் நீர்ச்சத்து ஏற்றினால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள்.

யோனாவுக்கு நிழல் தந்ததாக நம் தமிழ் வேதாகமம் கூறும் ஆமணக்கு வேறு செடி. அதன் இலை விரித்த கைபோல் ஆழமாகப் பிரிந்து, ஓரமெல்லாம் பற்களோடிருக்கும். காட்டாமணக்கு இலையில் பிரிவு ஆழமில்லை, பற்களும் இல்லை. ஆமணக்குக் காயில் மென்முட்கள் உண்டு. விதையில் வரியும் புள்ளியும் இருக்கும். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நமக்கு அதன் விதை நஞ்சா என்று தோன்றலாம். ரிசின் என்னும் அந்த நஞ்சு எண்ணெயில் கரைவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குண்டுமணியைத் தெரியாதவர் இல்லை. பொற்கொல்லர் அதைக்கொண்டு பொன் நிறுத்த காலம் ஒன்றிருந்தது. முழுதாக விழுங்கினால், ஓடு கெட்டியாதலால், பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து மென்றாலோ மிகவும் கொடியது. மாலையாகக் கோக்கத் துளையிட்ட மணிகளும் அப்படியே. ஆமணக்கு விதையாலும் குண்டுமணியாலும் வரும் தொல்லை பல மணி நேரம் கழித்தே தெரியலாம். பிள்ளை ஓடியாடுகிறதே என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

அரளியும் மஞ்சள் அரளியும் இருதயத் துடிப்பையே பாதிப்பவை. இவற்றில் எந்தப் பாகமும் வாய்க்கு ஆகாது.

இப்படி நேர்ந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் மீதியிருப்பதைத் துடைத்தெடுத்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். வரும்போது இலையும் காயுமுள்ள ஒரு சிறு கிளையை ஒடித்து எடுத்து வாருங்கள். பெயர் மட்டும் சொன்னால் போதாது. காட்டாமணக்கை ஆதாளை என்று அழைப்பவர்களும் உண்டு.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்கள், இலைகளைப் பழைய செய்தித்தாளில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, ஒரு வாரம் உலர்த்தி அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். விதைகளை மட்டும் வகுப்புக்குக் கொண்டுபோகாமல், படம் வரைந்து காட்டுங்கள்.